சிறுநகர வாழ்க்கைச் செலவு: அளவுகோல்களில் விடுபடும் தொலைவு

ஆய்வுச் சுருக்கம்

பெருநகரத்தைவிடச் சிறுநகரத்தில் வாழ்க்கைச் செலவு குறைவு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். வீட்டு வாடகைப்படி விதிகளும் இக்கருத்தின்மீதே அமைந்துள்ளன. தமிழ்நாட்டுச் சிறுநகரங்களை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது. சிறுநகரத்தில் உறுதியாகக் குறைவது வாடகையும் உழைப்பின் விலையுமே. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி எங்கும் ஒன்றே. சில செலவுகள் தொலைவாகவும் நேரமாகவும் உருமாறிச் சிறுநகரவாசியிடமே திரும்புகின்றன. நடைமுறையிலுள்ள குறியீட்டெண்கள் இம்மாற்றத்தை ஏன் காட்டுவதில்லை என்பதும் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வாழ்க்கைச் செலவு, சிறுநகரம், அகவிலை, நுகர்வோர் விலைக் குறியீட்டெண், வீட்டு வாடகைப்படி, தொலைவு.

முன்னுரை

ஊதியப் பட்டியலில் ‘அகவிலைப்படி’ என்னும் சொல்லை நாம் மாதந்தோறும் காண்கிறோம். ஒருகாலத்தில் இது ‘பஞ்சப்படி’ என வழங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ‘அகவிலை’ என்பதற்குத் தானியத்தின் விலை எனப் பொருள் தருகிறது. அதாவது, நெல்லும் பிற தானியங்களும் என்ன விலைக்கு விற்கின்றனவோ அதுவே வாழ்வதற்கான செலவு என்று கருதிய ஒரு காலத்தின் எண்ணம் அச்சொல்லில் பொதிந்துள்ளது. இன்று தமிழ்நாட்டில் 2011 சூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. தானியத்தின் விலை சுழியமாகிவிட்ட ஒரு குடும்பத்திற்கும் வாழ்க்கைச் செலவு கூடிக்கொண்டேதான் இருக்கிறது. அவ்வாறாயின் கூடுவது எது? அது ஊருக்கு ஊர் எவ்வாறு வேறுபடுகிறது?

இவ்வினாவிற்குப் பொதுவாகக் கிடைக்கும் விடை எளிமையானது: சென்னையில் கூடுதல், சிற்றூரில் குறைவு. ஆய்வேடுகளிலும் இவ்விடை சான்று ஏதுமின்றி ஒரு தொடக்கத் தொடராக எழுதப்படுவதைக் காணமுடிகிறது. இக்கட்டுரையாளர் ஒரு சிறுநகரத்திலிருந்து பல்கலைக்கழகத்திற்கு நாள்தோறும் பேருந்தில் வந்து செல்பவர். ஆகவே பின்வரும் கணக்குகளில் ஒரு சார்பு இருக்கக்கூடும் என்பதை முதலிலேயே கூறிவிடுவது முறையாகும்.

சிறுநகரம் என ஈண்டுக் குறிக்கப்படுபவை பேரூராட்சிகளும் சிறிய நகராட்சிகளும் ஆகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தினர். இந்த ‘நகர்ப்புறம்’ சென்னை மட்டுமன்று. கோவை, மதுரை மட்டுமன்று. சந்தை, பேருந்து நிலையம், வங்கிக் கிளை, அரசு மருத்துவமனை ஆகியவை அமைந்த நூற்றுக்கணக்கான பேரூராட்சிகளும் இதனுள் அடங்கும். கட்டுரையின் பிற்பகுதியில் அண்மையில் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட முசிறி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. திருச்சிராப்பள்ளியிலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில், காவிரியின் வடகரையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் அது.

குறியீட்டெண் எதை அளக்கிறது?

விலைவாசி பற்றிய விவாதங்களில் அடிக்கடி நேரும் ஒரு பிழையை முதலில் களைய வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஊரகத்திற்கும் நகர்ப்புறத்திற்கும் தனித்தனியே நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட தொடரில் இவ்விரண்டுமே 2012-இல் 100 என வைக்கப்பட்டன. பின்னர் ஓர் ஆண்டில் ஊரக எண் நகர்ப்புற எண்ணைவிட உயர்ந்து நின்றால், ‘ஊரகத்தில் விலை அதிகம்’ என்று சிலர் எழுதிவிடுகின்றனர். அது தவறு. 2012-இல் இருந்த நிலையிலிருந்து ஊரக விலைகள் விரைவாக ஏறின என்பது மட்டுமே அதன் பொருள். தொடக்கத்தில் எது உயரத்தில் இருந்தது, எது தாழ்வில் இருந்தது என்பதை அந்த எண் கூறாது. இருவர் வெவ்வேறு படிகளில் நின்றுகொண்டு ஏறத் தொடங்குகின்றனர். ஒவ்வொருவரும் எத்தனை படி ஏறினர் என்பதை மட்டும் எண்ணினால் யார் மேலே நிற்கிறார் என்பது தெரியாது.

அடுத்தது இன்னும் முக்கியமானது. அத்தொடரின் ஊரகக் குறியீட்டெண்ணில் வீட்டு வசதி என்னும் பிரிவே இல்லை. நகர்ப்புற எண்ணில் அதன் எடை 21.67 விழுக்காடு. ஊரக எண்ணில் உணவு, பானங்களின் எடை 54.18, நகர்ப்புற எண்ணில் 36.29. மருத்துவத்தின் எடை ஊரகத்தில் 6.83, நகர்ப்புறத்தில் 4.81. மருத்துவமனைகள் மிகுந்த நகரத்தைவிட, அவை குறைந்த ஊரகத்தில் குடும்பச் செலவில் மருத்துவம் பெரும்பங்கு பெறுகிறது. ஊரகக் குடும்பத்தின் மொத்தச் செலவு சிறியது என்பது இதற்கு ஒரு காரணம். அதனால் பங்கு பெரிதாவது இயல்பே. ஆயினும் பங்கு பெரிதாக இருத்தல் என்பதே அக்குடும்பம் தாங்கும் சுமையின் அளவுதானே.

சரி, சிறுநகரம் இதில் எங்கே இருக்கிறது? நகர்ப்புறத்தில். முசிறியின் காய்கறிக் கடையும் தியாகராய நகரின் பல்பொருள் அங்காடியும் புள்ளியியலில் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. மாநில நகர்ப்புறச் சராசரி என்று நாம் மேற்கோள் காட்டும் எண்ணில் இரண்டும் கலந்தே உள்ளன. சிறுநகரத்தின் விலைநிலை என்னவென்று அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க இயலாது.

அரசு ஊழியர்களின் அகவிலைப்படியைத் தீர்மானிப்பதோ வேறொரு குறியீட்டெண். தொழிலாளர் செயலகம் வெளியிடும் தொழிற்றுறைத் தொழிலாளர்களுக்கான எண் அது. 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட அத்தொடரில் நாடு முழுவதும் 88 மையங்களில் விலை திரட்டப்படுகிறது. சென்னை, கோவை, மதுரை, சேலம், குன்னூர் ஆகியவை தமிழ்நாட்டு மையங்களுள் சில. குன்னூர் சிறிய ஊர்தான். ஆனால் அது தோட்டத் தொழிலாளர்களின் மையம் என்ற வகையில் இடம்பெற்றதேயன்றிச் சிறுநகரம் என்ற வகையில் அன்று. காவிரிக் கரையிலோ தருமபுரி மாவட்டத்திலோ உள்ள ஒரு சிறுநகரக் கல்லூரியின் விரிவுரையாளர் பெறும் அகவிலைப்படி, அவர் வாழாத ஊர்களின் விலையால் அமைகிறது.

இரு குழுக்கள், இரு விடைகள்

இடங்களுக்கிடையே விலைநிலையை ஒப்பிட முயன்ற அரசு ஆவணங்களும் உள்ளன. வறுமைக்கோட்டைக் கணக்கிட்ட குழுக்களின் அறிக்கைகளே அவை. 2009-இல் அறிக்கை அளித்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி, 2011-12-இல் இந்திய அளவில் ஒருவருக்கான மாத வறுமைக்கோடு ஊரகத்தில் 816 ரூபாய், நகர்ப்புறத்தில் 1,000 ரூபாய். நகர்ப்புறக் கோடு ஏறத்தாழ 22 விழுக்காடு உயர்ந்தது. அதே ஆண்டிற்கு, 2014-இல் அறிக்கை அளித்த ரங்கராஜன் குழு கணித்த கோடுகள் 972 ரூபாயும் 1,407 ரூபாயும் ஆகும். இங்கு வேறுபாடு ஏறத்தாழ 45 விழுக்காடு. ஒரே நாடு, ஒரே ஆண்டு. வேறுபாடு மட்டும் இருமடங்கு.

இம்முரண்பாட்டின் காரணத்தை அறிந்துகொள்வது நம் பொருளுக்கு மிகவும் பயன்படும். டெண்டுல்கர் குழு ஒரே நுகர்வுக் கூடையை இரு இடங்களிலும் விலைமதித்தது. ரங்கராஜன் குழு ஊரகத்திற்கு ஒரு கூடை, நகர்ப்புறத்திற்கு வேறொரு கூடை எனக் கொண்டது. முதலாவது கேட்ட வினா: ‘அதே பொருள்களை அங்கே வாங்க எவ்வளவு ஆகும்?’ இரண்டாவது கேட்டது: ‘அங்கே இருப்போர் போல அங்கே வாழ எவ்வளவு ஆகும்?’ வாழ்க்கைச் செலவு பற்றிய பேச்சில் இவ்விரு வினாக்களும் ஒன்றாகக் குழம்புகின்றன. நகரத்திற்குக் குடிபெயர்ந்த ஒருவர் ‘செலவு இருமடங்காகிவிட்டது’ என்று கூறும்போது, அவர் விலையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. தாம் வாங்கத் தொடங்கிய புதியவற்றையும் சேர்த்தே பேசுகிறார்.

தமிழ்நாட்டு எண்கள் மேலும் வியப்பளிப்பவை. டெண்டுல்கர் முறைப்படி 2011-12-இல் தமிழ்நாட்டு ஊரகக் கோடு 880 ரூபாய், நகர்ப்புறக் கோடு 937 ரூபாய். வேறுபாடு 57 ரூபாய். 7 விழுக்காட்டிற்கும் குறைவு. மாநிலத்தில் ஊருக்கும் நகருக்கும் விலையளவில் இவ்வளவுதான் இடைவெளி எனில், 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் தமிழ்நாட்டு ஊரகத்தில் ஒருவருக்கான மாதச் செலவு 5,310 ரூபாயாகவும் நகர்ப்புறத்தில் 7,630 ரூபாயாகவும் இருப்பது ஏன்? காலமும் முறையும் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒட்டவைக்க முடியாது. எனினும் 44 விழுக்காட்டுச் செலவு வேறுபாட்டின் பெரும்பகுதி விலையால் வந்ததன்று, வருமானத்தாலும் நுகர்வாலும் வந்தது எனக் கருத இடமிருக்கிறது. செலவு மிகுதல் வேறு; செலவுமிகுந்த இடம் என்பது வேறு.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. வறுமைக்கோட்டின் கூடை ஓர் ஏழைக் குடும்பத்தின் கூடை. சென்னையில் இரு அறை வீட்டிற்கு வாடகை கொடுக்கும் குடும்பத்தின் செலவை அது பேசாது. மேலும் 937 என்பதும் சென்னையையும் பேரூராட்சிகளையும் கலந்த சராசரியே.

எங்கும் ஒரே விலை

விலைகளைத் தனித்தனியே எடுத்து நோக்கினால், ஊர் மாறினாலும் மாறாதவை பல என்பது புலனாகும். சோப்பு, பற்பசை, தேயிலைப் பொட்டலம், மருந்து மாத்திரை ஆகியவற்றின் உறையில் அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட்டுள்ளது. கைப்பேசிக் கட்டணமும் அவ்வாறே. வீட்டு மின்கட்டணம் மாநிலம் முழுவதும் ஒன்று; 2016 மே முதல் வீட்டு இணைப்புகளுக்கு முதல் 100 அலகு கட்டணமில்லை என்பதும் எல்லா ஊருக்கும் பொது. நியாயவிலைக் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பன மயிலாப்பூருக்கும் முசிறிக்கும் ஒன்றே.

சில பொருள்கள் சிறுநகரத்தில் கூடுதல் விலை உடையவை. எண்ணெய் நிறுவனக் கிடங்கிலிருந்து உள்ள தொலைவிற்கேற்ப பெட்ரோல் விலை ஏறுகிறது. நீலகிரி, தருமபுரி போன்ற மாவட்டங்களில் அது சென்னை விலையைவிட அதிகம். சமையல் எரிவாயு உருளையின் விலையும் இடத்திற்கு இடம் சிறிது மாறும். தொகைகள் சிறியவை, ஆயினும் அவற்றின் திசை கவனத்திற்குரியது. விலையில் தொலைவு வெளிப்படையாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் அரிய இடங்கள் இவை.

உண்மையாகவே குறைவானவை இரண்டு. முதலாவது வாடகை. நிலத்தின் வாடகை மையத்திலிருந்து விலக விலகக் குறையும் என்பதை 1826-இல் யோகான் ஹைன்ரிக் ஃபான் தியூனன் வேளாண் நிலத்திற்கும், 1964-இல் வில்லியம் அலான்சோ நகர நிலத்திற்கும் விளக்கினர். அலான்சோவின் கோட்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. விலகி வாழ்பவருக்கு வாடகை குறைவதே, அவர் பயணத்திற்குக் கூடுதலாகக் கொடுப்பதற்கு ஈடாகத்தான். குறைந்த வாடகையை மட்டும் எடுத்துக்கொண்டு பயணத்தை விட்டுவிட்டால் அது பாதிக் கணக்கே ஆகும்.

இரண்டாவது, உழைப்பின் விலை. முடிதிருத்தம், தையல், மிதிவண்டிப் பழுது, சிற்றுண்டிக் கடை, வீட்டு வேலை ஆகியவை சிறுநகரத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. இம்மலிவு யாருடையது என்று கேட்க வேண்டும். மாத ஊதியம் பெறும் ஒருவருக்குக் குறைந்த செலவாகத் தோன்றுவது, முடிதிருத்துநருக்கும் தையற்காரருக்கும் குறைந்த வருமானம். அவர்களும் பற்பசையையும் மாத்திரையையும் அச்சிட்ட விலைக்கே வாங்குகின்றனர். சிறுநகரம் மலிவான ஊர் என்னும் கூற்று பெரும்பாலும் ஊதியக்காரரின் கூற்றாகவே இருக்கிறது. அவ்வூரின் கூலிக்கு உழைப்பவர் வாயிலிருந்து அது எளிதில் வருவதில்லை.

வாடகைப்படியின் கணக்கு

இடங்களுக்கிடையேயான செலவு வேறுபாட்டிற்கு மைய அரசு ரூபாயில் ஒரு விடை வைத்திருக்கிறது. 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உடைய நகரங்கள் எக்ஸ் பிரிவு. 5 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை ஒய். அதற்குக் கீழ் எல்லாம் இசட். தமிழ்நாட்டில் சென்னை எக்ஸ். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர் போன்றவை ஒய். அகவிலைப்படி 50 விழுக்காட்டை எட்டியதைத் தொடர்ந்து 2024 சனவரி முதல் வீட்டு வாடகைப்படி முறையே அடிப்படை ஊதியத்தின் 30, 20, 10 விழுக்காடு. மாநில அரசின் படிகள் வேறு வகையில் அமைந்தவை. எனினும் அவையும் ஊர்களைத் தரம் பிரித்தே வழங்கப்படுகின்றன. ஆய்வு உதவித்தொகையுடன் சேரும் வாடகைப்படியும் ஊரின் பிரிவையே பின்பற்றுவதால், இது நம் அனைவரையும் தொடும் செய்தி.

பல்கலைக்கழக மானியக் குழு ஊதியத்தில் ஓர் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். மைய அரசின் விகிதத்தை அளவுகோலாகக் கொண்டால் சென்னையில் வாடகைப்படி 17,310 ரூபாய், திருச்சியில் 11,540, முசிறி போன்ற ஊரில் 5,770. சென்னைக்கும் சிறுநகரத்திற்கும் இடையே மாதம் 11,540 ரூபாய். வாடகையை மட்டும் நோக்கினால் இவ்வேறுபாடு நியாயமானதே. சென்னை வாடகைக்கு 17,310 ரூபாய் போதாது என்பாரும் உளர். சிக்கல் அங்கில்லை.

இப்படி பணிபுரியும் இடத்தைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது, குடியிருக்கும் இடத்தைக் கொண்டன்று. முசிறியில் பணிபுரியும் ஒருவர், வாழ்க்கைத்துணையின் வேலை, பிள்ளையின் உயர்கல்வி, பெற்றோரின் தொடர் மருத்துவம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் திருச்சியில் குடியிருக்க நேர்கிறது எனக் கொள்வோம். அவர் கொடுப்பது திருச்சி வாடகை. பெறுவது இசட் பிரிவுப் படி. மாதம் 5,770 ரூபாய் குறைகிறது. அதற்கு மேல் பயணம். 2018 சனவரியில் திருத்தியமைக்கப்பட்ட கட்டணப்படி சாதாரணப் புறநகர்ப் பேருந்தில் கிலோமீட்டருக்கு 58 காசு. 40 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 23 ரூபாய்; போக வர 46; மாதம் 24 நாள்களுக்கு 1,100 ரூபாய் அளவில் ஆகும். இருசக்கர வண்டியில் சென்றால், லிட்டருக்கு 50 கிலோமீட்டரும் பெட்ரோல் விலை ஏறத்தாழ 100 ரூபாயும் எனக் கொண்டு, 3,840 ரூபாய். வண்டித் தேய்மானம் இதில் சேரவில்லை.

மறுதலையாக, அவர் முசிறியிலேயே குடியிருந்தால் வாடகை மிச்சம். அப்பொழுது நாள்தோறும் 80 கிலோமீட்டர் பயணம் செய்பவர் அவருடைய மனைவியாகவோ மகனாகவோ இருக்கக்கூடும். செலவு குடும்பத்தை விட்டு வெளியேறவில்லை; ஒருவர் பையிலிருந்து மற்றொருவர் பைக்கு மாறியிருக்கிறது. அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கு இக்கணக்கும் பொருந்தாது. அவர்கள் பெறுவது ஊருக்கு ஊர் மாறாத தொகுப்பூதியம், வாடகைப்படியே இல்லை. சிறுநகரத்தில் பணி கிடைத்து அங்கேயே குடியிருப்பவருக்கு அது ஆதாயம். நகரத்திலிருந்து வந்து செல்பவருக்கு முழு இழப்பு.

கட்டணத்தில் அடங்காத தொலைவு

மேற்கண்ட கணக்கில் பேருந்துக் கட்டணம் எதிர்பார்த்த அளவு பெரிதாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் விருப்பம்போல் பயணம் செய்யும் மாத அட்டை 1,000 ரூபாய். முசிறி-திருச்சிப் பயணியின் செலவும் ஏறத்தாழ அதுவே. தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் குறைவாக வைக்கப்பட்டிருப்பதன் பயன் இது. வேறுபாடு பணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. காத்திருப்பையும் சேர்த்துப் போக வர மூன்று மணி நேரம் எனக் கொண்டால் 24 நாள்களுக்கு 72 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாள்கள் ஒன்பது. சென்னையிலும் நெரிசலில் இதே அளவு நேரம் கழியலாம். ஆனால் சென்னைவாசிக்கு ஒரு வண்டி தவறினால் அடுத்தது சிறிது நேரத்தில் வரும். சிறுநகரவாசிக்குக் கடைசி வண்டி என்று ஒன்று இருக்கிறது. மாலையில் நடைபெறும் கருத்தரங்கின் இறுதி அமர்வை விட்டு எழுந்து செல்வோர் பலர் எந்த ஊரினர் என்று கவனித்தால் இது விளங்கும்.

மகளிர்க்கான கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. குடும்பச் செலவில் அது உண்மையான குறைப்பு. இத்திட்டம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கே உரியது. ஆகவே ஒரு வழித்தடத்தில் நகரப் பேருந்து ஓடுகிறதா, புறநகர்ப் பேருந்து மட்டுமே ஓடுகிறதா என்பதைப் பொறுத்து, ஒரே தொலைவுக்கு ஒரு பெண் எதுவும் கொடுக்காமலும் இருக்கலாம், முழுக் கட்டணமும் கொடுக்கலாம். சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து சிறுநகரத்திற்கு வரும் பெண்ணுக்கு இத்திட்டம் பெரிதும் உதவுகிறது. அதே பெண் சிறுநகரத்தைக் கடந்து மாவட்டத் தலைநகருக்குச் செல்ல வேண்டிய நாளில்தான் கட்டணம் தொடங்குகிறது. அந்த நாள் பெரும்பாலும் மருத்துவமனைக்கோ அலுவலகத்திற்கோ செல்லும் நாள்.

மருத்துவத்தில் தொலைவு பெருகும் விதம் தனித்தன்மை உடையது. நோயாளி தனியே செல்வதில்லை. உடன் ஒருவர் செல்கிறார். அவர் அன்றாடக் கூலிக்காரராயின் அன்றைய கூலியும் போகிறது. பரிசோதனை முடிவைப் பெற மறுநாள் வரச் சொன்னால் அனைத்தும் மறுமுறை. மருத்துவரின் கட்டணம் இரு ஊர்களிலும் ஒன்றாகவே இருந்தாலும், ஒரு சிகிச்சையின் செலவு ஒன்றாக இருப்பதில்லை.

இல்லாத பொருளின் விலை

கடையில் இல்லாத பொருளுக்கு விலை என்ன? புள்ளியியலில் அதற்கு விலையே இல்லை. ஆகவே அது செலவைக் கூட்டுவதும் இல்லை. 1940-இல் ஜான் ஹிக்ஸ் இதற்கு ஒரு வழி கூறினார். கிடைக்காத பொருளுக்கு, அதனை எவரும் வாங்காமல் விட்டுவிடும் அளவுக்கு உயர்ந்த ஒரு விலை இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பது அது. அமெரிக்க நகரங்களின் மளிகைப் பொருள் விலைகளைப் பட்டைக் குறியீட்டுத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்த ஜெசி ஹேண்ட்பரி, டேவிட் வைன்ஸ்டீன் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட கட்டுரை இவ்வழியில் முக்கியமானது. ஒரே பொருளை ஒரே பொருளோடு ஒப்பிட்டு, கிடைக்கும் பொருள்களின் எண்ணிக்கையையும் கணக்கில் சேர்த்தபோது, பெரிய நகரங்களில் மளிகையின் விலைநிலை உயர்வதற்கு மாறாகக் குறைவதை அவர்கள் கண்டனர். அமெரிக்கச் சந்தையின் முடிவை அப்படியே முசிறிக்குப் பொருத்த முடியாது. ஆனால் வாடகையை விலக்கிவிட்டுப் பார்த்தால் பெருநகரம் செலவுமிகுந்தது என்ற கருத்து தானாக நிற்பதன்று, நிறுவப்பட வேண்டியது என்பதை அது உணர்த்துகிறது.

சிறுநகரத்தில் இணையவழி வணிகம் இவ்விடைவெளியைப் பொருள்களைப் பொறுத்தவரை ஓரளவு குறைத்துவிட்டது. நூலும் துணியும் வீடு தேடி வருகின்றன. நரம்பியல் மருத்துவரும் நல்ல நூலகமும் வருவதில்லை.

களஆய்வில் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டுச் சமூகப் பொருளியல் ஆய்வுக்கு நீண்ட மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்களை ஆய்ந்து 1918-இல் நூலாக வெளியிட்டார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி போன்ற ஊர்கள் அதில் இடம்பெற்றன. பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் அவ்வூர்களை மீளாய்வு செய்து 1940-இல் வெளியிட்டனர். கிராமத்திற்கு இத்தகைய தொடர்ச்சி வாய்த்தது. ஆலைத் தொழிலாளர் வாழும் நகரத்திற்குத் தொழிலாளர் குறியீட்டெண் வாய்த்தது. இடையிலுள்ள சந்தையூர் இரண்டிலும் அகப்படவில்லை. விலைக் குறியீட்டில் அது நகரம். வாடகைப்படியில் அது கிராமத்தோடு சேர்ந்த இசட். ஒவ்வோர் ஆவணமும் தனக்கு வசதியான பக்கத்தில் அதனை வைத்துக்கொள்கிறது.

இக்குறையை அரசு ஆய்வுகளுக்காகக் காத்திராமல் முனைவர் பட்டக் களஆய்வுகளிலேயே ஓரளவு நீக்கலாம். நம் வினாநிரல்களில் ‘போக்குவரத்துச் செலவு’ என்று ஒரே வரி இருக்கிறது. அதில் உல்லாசப் பயணமும் ஊசி போட்டுக்கொள்ளச் சென்ற பயணமும் ஒன்றாகிவிடுகின்றன. எதற்காக ஊரை விட்டு வெளியே சென்றனர் என்பதன்படி அவ்வரியைப் பிரித்தல் வேண்டும். செல்ல வேண்டியிருந்தும் செல்லாமல் விட்டவை எவை என்பதையும் கேட்க வேண்டும்; ஹிக்ஸ் கூறிய விலை மறைந்திருப்பது அவ்விடையில்தான். வாடகையை வினவும்போது, அதே குடும்பத்தின் மற்றோர் உறுப்பினர் வேறு ஊரில் விடுதிக்கோ அறைக்கோ கொடுக்கும் தொகையையும் சேர்க்க வேண்டும். சிறுநகரக் குடும்பங்கள் பல, இரு ஊர்களில் வாடகை கொடுத்துக்கொண்டு ஓர் ஊரின் வாடகையாக மட்டும் பதிவாகின்றன.

நேரத்தைப் பொறுத்தவரை, 2019-இலும் 2024-இலும் நடத்தப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வுகளின் பதிவுமுறையை நாம் அப்படியே எடுத்தாளலாம். ஊரகம், நகர்ப்புறம் என்னும் அதன் இருமைப் பகுப்பிற்கு மாற்றாக ஊரின் அளவைக் குறித்துக்கொண்டால் போதும். மருத்துவச் செலவு பற்றிய தேசிய மாதிரி ஆய்வுகள் நோயாளியின் பயணச் செலவையும் மருத்துவம் சாராத பிற செலவுகளையும் ஏற்கெனவே தனித்தனியே கேட்கின்றன. அதே வினாக்களை வேலை, அலுவலகம், சந்தை ஆகிய பயணங்களுக்கும் நீட்டிக்க நம் படிவத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது அரைப் பக்கம்.